உயர்திரு போட்ட வண்டிக்காரர்

இதில் ஒரு ஆளின் பெயரும் வராது. ஊர்ப் பெயர் ஒன்றிரண்டு வரும், அதைத் தவிர்க்க முடியாது. பெயர் போட்டதற்காகவும், போடாமல் விட்டதற்காகவும், போட்ட பெயரை எந்த இடத்தில் போட்டோம் என்பதற்காகவும் நான் வாங்கிய ஏச்சு இந்தப் பிறவிக்குப் போதும்.

எங்கள் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்தார். காலால் மிதித்து ஓட்டுகிற மிஷின் ஒன்று, எழுத்துப் பெட்டிகள், காகிதம் வெட்டுகிற கத்தி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கொட்டகையில் படம் மாறினால் அதற்கு நோட்டீசு என்று வருஷம் முழுக்க ஏதாவது ஓடும். கோயில் பொங்கல் மாதங்கள் வந்துவிட்டால் மாட்டுவண்டிப் பந்தய நோட்டீசுதான். எழுத்துக் கோர்ப்பதில் அவர் கெட்டிக்காரர். நாலு வார்த்தை சொந்தமாக எழுதச் சொன்னால் மட்டும் வேர்த்துக் கொட்டிவிடும். அதனால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. இது வாடிக்கைக்காரர்கள் ஒருவருக்கும் தெரியாது. "சீறி வரும் சிங்கக் காளைகள், சிதறி ஓடும் செம்மண் புழுதி" என்று எழுதுகிறவள், பந்தயம் நடக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒரு பொம்பளை என்று தெரிந்திருந்தால் பாதிப் பேர் வேறு அச்சகத்துக்குப் போயிருப்பார்கள்.

அந்த வரியைக் கவனித்தீர்களா? எங்கள் பக்கத்து மண் கரிசல். செம்மண்ணே கிடையாது. சிங்கத்துக்கும் சிதறுவதற்கும் ஒத்து வருகிறது என்று போட்டேன். யாரும் கேட்கவில்லை.

எங்களுடையது நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. தமிழ் எனக்குப் பாதி பள்ளிக்கூடத்தில் கிடைத்தது, மீதி ஒலிபெருக்கியில் கிடைத்தது. அறுபதுகளில் எங்கள் தெருமுக்கில் கூட்டம் போடாத கட்சி இல்லை. குழாயை எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்துத்தான் கட்டுவார்கள். அரிசி களையும்போது, தறிக்கு நூல் சுற்றும்போது என்று கேட்டுக் கேட்டு, ஒரு எழுத்தைக் கொடுத்தால் அதில் தொடங்குகிற வார்த்தைகளாக அடுக்கிக்கொண்டே போகும் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. அந்த வியாதியை வைத்துத்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது என்பதால் நான் வைத்தியம் பார்த்துக்கொள்ளவில்லை.

பந்தய ரசிகர்கள் விசேஷமான ஜாதி. அவர்களுக்கு நோட்டீசில் வேண்டியது மூன்றே விஷயம். பெரிய மாடா சின்ன மாடா, எந்த ஊர் வரை போய்த் திரும்ப வேண்டும், யார் யார் மாடுகள் வருகின்றன. நான் உயிரைக் கொடுத்து எழுதிய சிங்கத்தையும் புழுதியையும் அவர்கள் கண் தாண்டிப் போய்விடும். ஆனால் அது இல்லாமல் அடித்துக் கொடுத்தால், "என்ன இது, ரேஷன் கடை அறிவிப்பு கணக்கா இருக்கு" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். படிக்கவும் மாட்டார்கள், இல்லாமலும் விட மாட்டார்கள். பந்தயக் கமிட்டிக்காரர்களோ இன்னும் ஒரு படி மேலே. எதை எழுதிக் கொடுத்தாலும், "நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் இடி போடுங்க அண்ணாச்சி" என்பார்கள். இவர் உள்ளே வந்து, "இடி பத்தலையாம்" என்பார். நான் இடி போடுவேன். அடுத்து மின்னல் கேட்பார்கள்.

எல்லாவற்றையும் கடைசி நேரத்தில்தான் கேட்பார்கள். பந்தயம் வைப்பதென்று ஊர்கூடி முடிவெடுத்து மாதம் ஆகியிருக்கும். காளைக்குப் பருத்திக்கொட்டை ஊறப்போட நேரம் இருக்கும், சக்கரத்துக்குப் பட்டை மாற்ற நேரம் இருக்கும், சண்டை போட நிறைய நேரம் இருக்கும். நோட்டீசுக்கு மட்டும் சந்தைக்கு முந்தின நாள் மத்தியானம் வந்து நிற்பார்கள். மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் சந்தைக்கு வருவார்கள், அங்கே கையில் கொடுத்தால்தான் சேதி பரவும். "காலையில கையில வேணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது நாங்கள் இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று ஆச்சரியப்படுவார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் திருச்சுழி ரோட்டில் நான்கு ஊர் சேர்ந்து நடத்துகிற பந்தயத்துக்கு நோட்டீசு வந்தது. அதற்கு முந்தின இரண்டு வருஷமும் அந்தப் பந்தயம் நடக்கவில்லை. காரணம் மழை இல்லை, மாடு இல்லை என்பதெல்லாம் கிடையாது. நான்கு ஊருக்கும் நான்கு தலைவர்கள். நோட்டீசில் யார் பெயர் மேலே வருவது என்பதில் தகராறு. மேலே ஒருவர் பெயர் வந்தால் மற்ற மூவரும் அவருக்குக் கீழே வந்துவிடுவார்களாம். அதற்குப் பந்தயமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். மூன்றாவது வருஷமும் நடக்காவிட்டால் பந்தயத்தையே பக்கத்து ஊர்க்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்ற நிலை வந்ததும்தான் நால்வரும் ஒரே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள்.

வழக்கம்போலச் சந்தைக்கு முந்தின நாள் மத்தியானம். வழக்கம்போல, "பேரு போடுறதுல மட்டும் பிரச்சினை வந்துறக் கூடாது" என்றார்கள். இவர், "மை காஞ்சிருச்சான்னு பாத்துட்டு வாரேன்" என்று சொல்லி உள்ளே வந்தார். மை காய்கிறதைப் பார்க்க வருவது என்றால் என்னிடம் கேட்க வருவது என்று அர்த்தம்.

நான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு யோசித்தேன். சுவர் ஓரத்தில் பிள்ளைகள் சாக்பீசால் கிழித்த தாயக்கட்டம் இருந்தது. நான்கு பேர் நான்கு பக்கம் உட்கார்ந்து ஆடுவார்கள். அதில் யாருக்கும் மேல் கீழ் கிடையாது, அவரவர் உட்கார்ந்த பக்கம் அவரவர் பக்கம். "சதுரமா ஒரு தாளை எடுங்க. நாலு பக்கத்துலயும் நாலு ஊரு, நாலு தலைவரு. யாரு எந்தப் பக்கம் பிடிச்சுப் பாத்தாலும் அவங்க பேரு நேரா இருக்கும், மத்தவங்க பேரு சாய்ஞ்சோ தலைகீழாவோ இருக்கும்" என்றேன்.

இவர் வெளியே போய்ச் சொன்னார். ஒவ்வொருவரும் அந்தக் காகிதத்தை மனசுக்குள் தன் பக்கம் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு ஒருவர், "மத்தவுக பேரு தலைகீழாத்தான இருக்கும்?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இதற்கிடையில் கொல்லைப்பக்கம் ஒருவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான்கு தலைவர்களில் ஒருவருக்கு வில்வண்டி உண்டு. அதை ஓட்டி வந்த வண்டிக்காரர் அவர். அந்தத் தலைவரின் பந்தய மாடுகளையும் அவர்தான் ஓட்டுவார். முப்பதுக்குள் இருக்கும். கறுத்து மெலிந்து, அதிகம் பேசாத ஆள். எங்கள் வீட்டுக்காரர் உள்ளே வந்து என்னிடம் கேட்டதும் நான் சொன்னதும் அவர் காதில் விழுந்துவிட்டது.

"எழுதுறது நீங்கதானாக்கா?" என்றார்.

"இல்ல தம்பி, நான் பருப்பு வேக வைக்கிறேன்."

"கையில மை இருக்குதே."

நான் கையைச் சேலையில் துடைத்தேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். நரிக்குடிப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறார். முதலாளிக்கு மாடு பிடிக்கப் போன இடத்தில் பார்த்தது. பெண்ணின் அப்பாவுக்குக் கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நெல், கொஞ்சம் ஆடு, அவ்வளவுதான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளா இருந்தா பொண்ணு தாரேன்னு சொல்லிட்டாக. நான் பந்தயத்துல வண்டி ஓட்டுறேன்னேன். அப்ப நோட்டீசுல பேரு வருமான்னு கேக்காக."

பந்தய நோட்டீசில் மாட்டுக்காரர் பெயர் வரும். மாட்டின் பெயர்கூட வரும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியில் நிற்கிறவர் பெயர் வராது. ஒருவர் பெயரைப் போட்டால் எல்லா வண்டிக்காரர்களும் கேட்பார்கள், பெயரைக் கேட்டவன் நாளைக்குக் கூலியையும் கேட்பான் என்பது முதலாளிகளின் ஏற்பாடு. அவர் முதலாளியிடம் கேட்டுப் பார்த்தாராம். "மாடு என்னது, வண்டி என்னது, பேரு மட்டும் உன்னதா?" என்று முதலாளி திருப்பிக் கேட்டாராம்.

"ஒரு ஓரத்துல போட்டாப் போதும்க்கா. சின்ன எழுத்தா இருந்தாலும் சரி. காட்டுறதுக்குத்தான்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்மேல் இல்லை, உலகத்தின்மேல். ஓரம் என்று ஒன்று அந்த நோட்டீசில் பாக்கி இருந்தால்தானே. நான்கு ஓரத்தையும் நான்கு பேர் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். "பாக்குறேன் தம்பி" என்று மட்டும் சொன்னேன். அது ஒன்றும் ஆகாது என்பதற்கு நாங்கள் சொல்கிற வார்த்தை என்று அவருக்கும் தெரியும்.

வெயில் சாயும் நேரத்தில் இவர் மறுபடி மை பார்க்க வந்தார். நான்கு பக்கமும் கோர்த்தாகிவிட்டது. மாடு, தூரம், பரிசு, என்னுடைய சிங்கம், புழுதி எல்லாம் தாளின் பின்பக்கம். நடுவில் ஒன்றும் இல்லை. நடுவில் எதை எந்தப் பக்கம் பார்த்துப் போட்டாலும் ஒரு ஊருக்கு நேராகவும் மற்ற ஊர்களுக்குக் கோணலாகவும் இருக்கும். வெறுமையாக விட்டால் சுற்றிக் கறுப்புக் கட்டம் கட்டி நடுவில் காலியாக, செத்தவர் பெயர் எழுத மறந்த கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்று நால்வரும் முகம் சுளிக்கிறார்களாம். நடுவில் ஒரு பெயர் வேண்டும். யார் பெயர் என்பதில் ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு செருப்பை மாட்டிவிட்டாராம்.

"உங்கள்ல யாருமே இல்லாத ஒரு பேரா இருக்கட்டும்னு சொல்லுங்க. குறுக்கால, மூலைக்கு மூலை சாய்ச்சுப் போடுங்க. யாருக்கும் நேரா வராது" என்றேன்.

"யாரு பேரு?"

நான் கொல்லைப்பக்கம் கையைக் காட்டினேன்.

இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியில் இருந்த பெரிய மரக்கட்டை எழுத்துகள் பாதிக்கு மேல் தேய்ந்து போனவை. தலைவர்களின் பெயர்கள் பட்டமும் இனிஷியலுமாக முழ நீளம். வண்டிக்காரர் பெயரோ மூன்றே எழுத்து, மூன்றும் கைவசம் இருந்தன. தொழில் ரீதியாகப் பார்த்தாலும் அதுதான் சரி என்று இவருக்குப் பட்டது.

வெளியே போய்ச் சொன்னார். நான் கதவிடுக்கில் காதை வைத்துக்கொண்டேன். நிச்சயம் அடிவிழும் என்று நினைத்தேன். அடி விழவில்லை. வண்டிக்காரரின் முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் ஆள் நடுவில் என்றால் தானே நடுவில் இருக்கிற மாதிரி என்று கணக்குப் போட்டுவிட்டார். மற்ற மூவரும் அதைவிடச் சந்தோஷப்பட்டார்கள். அந்த மனிதர் ஓரத்தில் நிற்க அவருடைய வேலைக்காரர் நடுவில் நின்றால் அதைவிட என்ன அவமானம் அவருக்கு வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஒரே பெயரில் ஒருவருக்கு மரியாதை, மூவருக்குப் பழிவாங்கல். "அந்தப் பேரு இருந்துட்டுப் போகட்டும், இவுக பேரு இல்லைல்ல" என்று மூவரில் ஒருவர் மெதுவாகச் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. இவ்வளவு ஒற்றுமையாக அந்த நான்கு ஊரும் எதற்கும் தலையாட்டி நான் கேள்விப்பட்டதில்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் அச்சகத்தில் 'உயர்திரு' என்ற வார்த்தையும் 'அவர்கள்' என்ற வார்த்தையும் நூலால் கட்டித் தயாராக ஒரு தட்டில் இருக்கும். எந்தப் பெயர் வந்தாலும் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று வைத்துவிட வேண்டியது. அவசரத்தில் இவர் கை பழக்கப்படி வைத்துவிட்டது. நான் பார்த்தேன். எடுக்கச் சொல்லியிருக்கலாம். மனுஷனுக்கு ஒரு தடவை உயர்திரு போட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சந்தையில் ரோஸ் கலர் தாள் பறந்தது. எல்லோரும் அதைப் பம்பரம் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நான்கு ஓரத்துப் பெயர்களும் அவர்களுக்குப் புதிதில்லை. நடுவில் கொட்டை எழுத்தில், சாய்ந்து படுத்துக்கொண்டு, ஒரு உயர்திரு. யார் இவுக, மதுரையில் இருந்து வாராகளா, மில்லு முதலாளியா, மந்திரிக்குச் சொந்தமா என்று பேச்சு கிளம்பிவிட்டது. சாய்த்துப் போட்டிருப்பதே ஒரு தனி அந்தஸ்து என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். வண்டிக்காரர் நரிக்குடிக்கு ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஓடினார்.

பந்தயத்தன்று நானும் போனேன். வண்டிக்காரர் வந்து கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். ரோட்டோரம் பருத்திக் காட்டு வரப்பில், வேலிக்கருவை நிழலில், நாலைந்து பெண்களோடு நின்றேன். எத்தனையோ வருஷமாக நான் பறக்கவிட்ட புழுதி அன்றைக்கு முதல்முறையாக என் வாய்க்குள் வந்து போனது. கறுப்புப் புழுதி. பல்லில் கரகரவென்று இருந்தது. இனிமேல் இதைக் குறைத்து எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நோட்டீசில் எந்தப் பெயர் பெரிதோ அவர்தான் கொடி அசைத்துப் பந்தயத்தைத் தொடங்கிவைக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கமாம். அது எனக்கு எப்படித் தெரியும்? வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. கொடியை யார் பிடிப்பது என்று வந்தபோது நான்கு தலைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பழைய சண்டை தலைதூக்குவதற்குள் கூட்டத்தில் யாரோ, "நடுவுல போட்டிருக்காகளே, அவுகள அசைக்கச் சொல்லுங்க" என்று குரல் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அது சௌகரியமாக இருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியில் தயாராக நின்றவரைக் கீழே இறக்கி, தோளில் துண்டைப் போட்டு, கழுத்தில் மாலையைப் போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அவர் மாடுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் நின்றுகொண்டே அசைக்கிறேன் என்றதற்கு மற்ற வண்டிக்காரர்கள் விடவில்லை, கொடி எப்போது விழும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியுமாம்.

என் பக்கத்தில் நின்ற ஒருவர் கையில் அந்த ரோஸ் தாள் இருந்தது. வெள்ளை மீசை, துவைத்த வேட்டி, கக்கத்தில் குடை. மாலையையும் நாற்காலியையும் சோடாவையும் அவர் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி மாலையைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுத் தாளை நான்காக மடித்துக் குடைக்குள் செருகிக்கொண்டு, கண்மாய்க் கரை வழியாக நரிக்குடிப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். பந்தயம் முடிகிற வரை பஸ்ஸு ஓடாது. யார் என்று எனக்கு அப்போது தெரியாது.

அவர் போன பிறகுதான் கொடி விழுந்தது. வண்டிகள் கிளம்பின. வண்டிக்காரர் கொடியை எறிந்துவிட்டு, மாலையோடு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தன் வண்டியைத் துரத்தி ஓடினார். அதுவரை வண்டியில் கயிற்றைப் பிடித்திருந்த துணை ஆள் கையை நீட்ட, தொற்றி ஏறிவிட்டார். அந்த ஓட்டத்தைப் பார்க்காமல் அந்தக் குடைக்காரர் போய்விட்டாரே. கடைசியில் கிளம்பிய வண்டி, திரும்பி வரும்போது மூன்றாவதாக வந்தது. மூன்றாவது என்றதும் முதலாளி எல்லோரையும் திட்டினார். நோட்டீசு எழுதியவனையும் திட்டினார். எழுதியவன் என்று சொன்னதால் நான் என் பங்கை எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து வண்டிக்காரர் கொல்லைப்பக்கம் வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"மாட்டேன்னுட்டாகக்கா."

"ஏன்? பேருதான் பெருசா வந்துருச்சே."

"அதான் காரணம். இம்புட்டுப் பெரிய எடத்துக்கு நாங்க தாங்க மாட்டோம்கிறாக. உயர்திரு போட்ட ஆளுக்கு என்ன சீரு செய்ய, எங்க உக்கார வைக்க, நாலு ஆட்ட வச்சுக்கிட்டு நான் என்னத்தச் செய்யன்னு கேக்காக. நான் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுறவன் மாமான்னு தலையில அடிச்சுச் சொன்னேன். பெரிய மனுசங்க இப்படித்தான் பணிவாப் பேசுவாகன்னு எந்திரிச்சு நின்னு கும்புடுறாக."

"முதலாளியக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லச் சொல்லலாமே."

"அச்சுல வந்ததை வாயால இல்லைன்னு சொல்ல முடியுமான்னு கேக்காக. வெள்ளிக்கிழமை வேற எடத்துல இருந்து பாக்க வாராகளாம். வெத்தில பாக்கு மாத்திருவாக."

அன்று புதன்கிழமை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வருஷக்கணக்காக நான் எழுதியதை ஒரு ஆளாவது முழுசாக நம்ப மாட்டானா என்று ஏங்கியிருக்கிறேன். கடைசியில் நம்ப ஒருவர் கிடைத்தார், அதுவும் இந்தப் பாவி மனுஷனின் தலையில் கல்லைப் போடுகிறதுக்கு. அச்சில் வந்ததை வாயால் மாற்ற முடியாது என்றால் அச்சால்தான் மாற்ற வேண்டும். "உக்காரு" என்றேன்.

இவரிடம் சொன்னேன். "ஒரே ஒரு தாளுக்கு மிஷினை மிதிக்கவா?" என்றார். நான் பார்த்த பார்வையில் போய் மையை எடுத்தார்.

எழுத உட்கார்ந்தேன். என் கை அப்படிப் பழகிப் போயிருந்தது. "எளிமையின் இமயம்" என்று வந்தது. அடித்தேன். "பணிவின் பாசறை, பாட்டாளிகளின் பங்காளி" என்று வந்தது. படித்துக் காட்டினால் வண்டிக்காரரே எழுந்து நின்றார். இந்தத் தமிழில் ஒருவனைச் சின்னவனாகக் காட்ட வழியே இல்லை. ஏழை என்று எழுதினால் அடுத்த தேர்தலுக்கு நிற்கிறவன் மாதிரி இருக்கிறது. எனக்கு என்மேலேயே கோபம் வந்து பேனாவைத் தூக்கி வைத்தேன்.

"தம்பி, காலையில எந்திரிச்சதும் என்ன செய்வே?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டுவேன்."

"மாடு யாருது?"

"முதலாளியுது."

"வீடு?"

"இருக்கு. மழை பேஞ்சா ஒழுகும்."

அவர் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தையையும் சிங்காரிக்காமல் எழுதிக்கொண்டே போனேன். சிங்காரிக்காமல் எழுதுவது எவ்வளவு வலிக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வந்தது இதுதான்:

"உங்கள் மகளைக் கேட்டு வந்தவர் பெரிய மனிதர் இல்லை. வண்டி ஓட்டுகிறவர். மாடு அவருடையது இல்லை, வண்டியும் இல்லை. வீடு மழைக்கு ஒழுகும். விடியும் முன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். சாராயம் கிடையாது, வெற்றிலை உண்டு. கோபம் வந்தால் பேசாமல் இருப்பார், மாட்டை அடிக்க மாட்டார். முந்தைய நோட்டீசில் அவர் பெயர் பெரிதாக வந்தது, நடுவில் வேறு யாரையும் போட முடியாததால். அவருக்கு உங்கள் மகளைப் பிடித்திருக்கிறது."

பெயர் போடவில்லை. பெயரால் வந்த வினை போதும் என்று விட்டேன். இவர் கோர்த்து முடித்து, பழக்கத்தில் உயர்திரு இருந்த தட்டுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். கையில் ஒரு தட்டுத் தட்டினேன். ஒரே ஒரு தாள், வெள்ளைத் தாள். மை காய்வதற்குள் அதை வாங்கிக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு ஓடினார்.

பெண்ணின் அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. கண்ணாடி உடைந்து கிடந்ததாம். மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவள் வாசற்படியில் நின்று முழுவதும் படித்திருக்கிறாள். அவர் கேட்டுவிட்டு, "இம்புட்டுத்தானா? ஒழுகுற வீடா? இதை மொதல்லயே அச்சுல போட்டிருந்தா நான் அம்புட்டுத் தூரம் நடந்திருப்பேனா?" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு வர வேண்டாமென்று ஆள் அனுப்பிவிட்டார்.

கல்யாணம் நடந்தது. பத்திரிகை எங்களிடம்தான் அடித்தார்கள். அதை எழுதித் தர வேண்டாம், வெறும் நாள், இடம் போதும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் நிம்மதி.

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்த ஒரு நாள் அந்தப் பெண் அச்சகத்துக்கு வந்தாள். சந்தைக்கு வந்தவளாம், முந்தானையெல்லாம் நனைந்திருந்தது. பெஞ்சில் உட்காரமாட்டேன் என்று நின்றாள். அவளிடம் நான் ஒன்று கேட்க வேண்டுமென்று இருந்தேன். அன்றைக்கு அப்பாவுக்குக் கடைசி வரியையும் படித்துக் காட்டினாயா என்றேன்.

"அதை எப்படிக்கா அப்பா முன்னால படிக்க? அதை மட்டும் எனக்கு வச்சுக்கிட்டேன். அது நீங்களா எழுதுனதா, அவுக சொன்னதா?"

"சொன்னது. நான் எழுதுனது ஒரு எழுத்துகூட இல்ல அதுல."

அவள் நனைந்த முந்தானையை வாசல் பக்கம் பிழிந்துவிட்டாள். பிறகு ஒரு குறை இருப்பதாகச் சொன்னாள். என்ன என்றேன்.

"வீடு ஒழுகும்னு போட்டிருந்தீக. நானும் ஏதோ ஒரு மூலையில சொட்டும்னு நெனச்சேன். பாதி வீட்டுக்குக் கூரையே இல்லக்கா. அதுலயும் கூட்டித்தான எழுதியிருக்கீக."